பொன்னாடை வாங்காமல் போனவர்

கேள்வி: அண்ணாச்சி, ஓய்வு பெற்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிம் டங்கன் ஐந்து முறை சாம்பியன் பட்டம் வென்றவர். ஆனாலும் ஜோர்டான், கோபி பிரையன்ட் அளவுக்கு அவரை யாரும் கொண்டாடுவதில்லையே, ஏன்?
— கூடைப்பந்துப் பைத்தியம், தூத்தூர்

பதில்: 'ஓய்வு பெற்ற' என்று ஆரம்பித்துவிட்டீர், தம்பி. நாகர்கோவிலில் உட்கார்ந்து பத்திரிகை நடத்துகிறவனிடம் இந்தச் சொல்லைச் சொல்லலாமா? வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று 'சார்' என்று ஒரு குரல் கொடுத்துப் பாரும். திரும்பிப் பார்க்கிற பத்துப் பேரில் ஏழு பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மீதி மூன்று பேர் அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர்கள்.

அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு 'ஓய்' ஒளிந்திருப்பதைக் கவனித்தீரா? வேலையில் இருக்கும்வரை 'சார்'. ஓய்வு பெற்ற மறுநாள் டீக்கடையில், 'வாரும் ஓய், இனி உமக்கு என்ன ஓய்!' இந்தச் சொல்லை உண்டாக்கியவன் நம்மூர்க்காரனாகத்தான் இருக்கவேண்டும்.

சமீபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பணி நிறைவு விழா. எந்தப் பள்ளி என்று கேட்காதீர், அங்கே நமக்கு ஆறு சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். அழைப்பிதழில் வாழ்த்துரை மட்டும் பதினான்கு பேர், நான் பதினோராவது. எனக்கு முன்னால் பேசியவர் விழா நாயகரை வள்ளுவரோடு ஒப்பிட்டு முடித்திருந்தார். அதற்கு மேலே போக இடமில்லை. வாசலில் ஃப்ளெக்ஸ், உள்ளே நேந்திரங்காய் சிப்ஸ், ஆறிப்போன டீ. கடைசியில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்க்கிறேன், ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. அந்தக் கறையை எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் வேறொரு விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடை அது. சாம்பார் என் இலையிலிருந்து தெறித்தது. அதை நான்தான் மடித்து, இன்னொரு விழாவில் இன்னொருவருக்குப் போர்த்தினேன். எத்தனை தோள் ஏறி இறங்கித் திரும்பி வந்ததோ! கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் எல்லாம் சேர்த்து மாவட்டத்தில் மொத்தமே நாற்பது பொன்னாடைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

சரி, டங்கன். 2016 ஜூலை 11 அன்று, அவர் விளையாடிய சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி ஓர் அறிக்கை விட்டது, டிம் டங்கன் ஓய்வு பெறுகிறார் என்று. அவ்வளவுதான். 19 சீசன்கள், எல்லாம் ஒரே அணிக்கு. அந்த 19 சீசனிலும் அணி பிளேஆஃப் என்ற பட்டத்துக்கான கடைசிக் கட்டச் சுற்றுக்குப் போகாமல் இருந்ததில்லை. வழியனுப்பு விழா வைத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அதே வருஷம்தான் கோபியும் ஓய்வு பெற்றார். அவர் 2015 நவம்பரிலேயே ஒரு கவிதை எழுதிச் சொல்லிவிட்டார். அப்புறம் சீசன் முழுக்க ஊர் ஊராக வழியனுப்பு. கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி அடித்தார், அதைக் குறை சொல்ல என் நாக்கு வராது. அந்தக் கவிதை குறும்படமாகி 2018-இல் ஆஸ்கரும் வாங்கியது. இதை நான் அச்சில் ஏற்றியிருக்கக் கூடாது. ஓய்வுக் கவிதைகள் ஏற்கெனவே மாதத்துக்கு ஒரு கட்டு வருகின்றன, இனி இரண்டு கட்டு வரும். 'கரும்பலகையே, போய் வருகிறேன்' என்று தொடங்குவதை மட்டுமாவது தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

டங்கன் கதை தூத்தூர்க்காரரான உமக்குப் பிடிக்கக் காரணம் இருக்கிறது. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற தீவில் 1976-இல் பிறந்தவர். முதலில் நீச்சல்காரர். அக்கா ஒருத்தி 1988 சோல் ஒலிம்பிக்கிலேயே நீந்தியவர், தம்பியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் வந்து தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவுக் குளத்தை உடைத்துப் போட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள். பையனுக்குச் சுறாவென்றால் பயம்! உங்கள் ஊர்க்காரர்கள் சுறாவைத் தேடி லட்சத்தீவு தாண்டிப் போகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பையன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று யோசித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. புயல் எடுத்துக்கொண்டு போவது எப்போதும் நீச்சல் குளமாக இருப்பதில்லை. 2017 ஒக்கியை உமக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

டங்கனுக்கு வருவோம். 1990 ஏப்ரலில், அவருக்கு 14 வயது ஆவதற்கு முந்தின நாள், மார்பகப் புற்றுநோயில் அம்மா போய்விட்டார். அதற்கப்புறம் பையன் நீச்சலுக்குத் திரும்பவில்லை. அத்தான்தான் பந்தைக் கையில் கொடுத்து ஆடக் கற்றுக்கொடுத்தார். கல்லூரிப் படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. கோடிகளை வைத்துக்கொண்டு அணிகள் காத்திருக்க, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிவிட்டுத்தான், அணிகள் புது வீரர்களை எடுக்கிற தேர்வுக்கு 1997-இல் வந்தார். முதல் ஆளாக எடுத்தார்கள். நம்மூரில் எந்தத் தாயிடம் சொன்னாலும் கண் கலங்குவாள். 'சரி மக்களே, பி.எட். முடித்தானா?' என்றும் கேட்பாள்.

ஆட்டமும் அந்த மாதிரிதான். எகிறிக் குதித்துக் கூடையைப் பிடித்துத் தொங்குவதெல்லாம் கம்மி. கூடைக்குப் பின்னால் இருக்கிற பலகையில் ஓர் இடம் பார்த்துத் தட்டுவார், பந்து சாய்ந்து உள்ளே விழும். கேரம் போர்டில் சட்டத்தில் மோதவைத்துக் காயை விழத்தாட்டும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர், அதே கணக்கு. ஷக்கீல் ஓ'நீல் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரர் அவருக்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'பெரிய அடிப்படை'. கட்சி உறுப்பினர் சேர்க்கை முகாம் மாதிரி இல்லை?

முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். ஒரே ஒரு தடவை சிரித்தார், அதற்கும் தண்டனை. 2007 ஏப்ரலில், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார் என்று நடுவர் அவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றினார். அப்புறம் நடுவரை அந்த சீசன் முடியும்வரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிரித்தவருக்கும் 25,000 டாலர் அபராதம். அதே வருஷம் அணி நாலாவது பட்டத்தை வென்றது. 2013-இல் மயாமி அணியிடம் தோற்ற இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் மட்டும், பக்கத்திலிருந்து போட்ட பந்து தவறியபோது தரையில் ஓங்கி அறைந்தார். மறு வருஷம் அதே மயாமி அணியை 4–1 என்று அடித்து ஐந்தாவது பட்டம். இதில் ஃப்ளெக்ஸ் வைக்கிறவனுக்கு எங்கே படம் கிடைக்கும்? ஒரு முறைத்த பார்வை உண்டா, நெஞ்சைத் தட்டிக்கொண்ட போஸ் உண்டா? உம் கேள்விக்குப் பதில் இதுதான்.

இதற்குள் ஒழுகினசேரிப் பெரியவர் பேனாவைத் திறந்திருப்பார். அடி இல்லாத வளையத்தைக் கூடை என்று எழுதுவது தமிழுக்குத் துரோகம், 'வளையப்பந்து' என்று போடும் என மூன்று வருஷமாக இன்லேண்ட் லெட்டர் போடுகிறார். ஐயா, 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆணியடித்து மாட்டியது பீச் பழக் கூடை. அடியுள்ள கூடை. பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்கவேண்டும். அங்கே நம்மூர்ப் பனையோலைக் கடவம் கிடைத்திருந்தால் இன்றைக்குக் கடவப்பந்து என்று எழுதியிருப்பேன், அப்போதும் நீர் லெட்டர் போட்டிருப்பீர்.

2019-இல் டங்கன் உதவிப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். தலைமைப் பயிற்சியாளர் போபோவிச் சொன்னது: 19 வருஷம் நான் டங்கனுக்கு விசுவாசமான உதவியாளனாக இருந்தேன், பதிலுக்கு அவர் எனக்கு இருப்பதுதானே முறை! ஒரு சீசன் இருந்துவிட்டு அந்த வேலையையும் விட்டுவிட்டார். அதற்கும் விழா இல்லை.

மஞ்சள் கறைப் பொன்னாடை என் அலமாரியில்தான் கிடக்கிறது. 211 சென்டிமீட்டர் ஆளுக்கு அதைப் போர்த்த ஸ்டூல் வேண்டும், அவரும் குனியமாட்டார் என்று படுகிறது. வரும் ஞாயிறு தக்கலையில் ஒரு பணி நிறைவு விழா இருக்கிறது, கையோடு கொண்டுபோகிறேன்.