எட்டுப் பாத்தி, ஏழு இடுபொருள்: பிழைக்கு ஏன் பூஜ்யம்?

கேள்வி: ஐயா, திண்டிவனம் பக்கம் இறவையில் நிலக்கடலை போட்டேன். ஜிப்சம், துத்தநாக சல்பேட், போராக்ஸ், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா, வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யம் ஆகிய ஏழில் எது பலன் தருகிறது என்று பார்க்க, வேளாண்மை படிக்கும் அண்ணன் மகள் எட்டுப் பாத்திக்கு அட்டவணை போட்டுத் தந்தாள். இப்போது ‘பிழைக்கு பூஜ்யம், முடிவு சொல்ல முடியாது’ என்கிறாள். பாத்திக்கு மூன்று இடத்தில் எடை போட்டு 24 எண் வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. பாப்பா சொன்னதுதான் சரி.

எட்டுப் பாத்தியின் சராசரியும் ஏழு பாத்தியின் விளைச்சலும் தெரிந்தால், எட்டாவது தானாக வந்துவிடும். ஆக, சுதந்திரமாக மாறக்கூடியவை ஏழுதான். இதைத்தான் கட்டின்மைக் கூறு என்கிறார்கள். உங்கள் ஏழு இடுபொருளும் தலைக்கு ஒன்று எடுத்துக்கொண்டன. மண்ணின் இயல்பான ஏற்றத்தாழ்வை, அதாவது ‘பிழை’யை, அளக்க எதுவும் மிஞ்சவில்லை.

அந்த 24 எடை? ஒரு பாத்தியின் மூன்று இடமும் ஒரே மடையில் தண்ணீர் குடித்தவை, ஒரே கையால் உரம் வாங்கியவை. ஒரு பானையில் மூன்று சோறு எடுத்துப் பதம் பார்த்தாலும், பக்கத்து அடுப்புப் பானை வெந்ததா என்று தெரியாது. 24-ஐயும் தனித்தனியாகக் கணினியில் போட்டால் பிழைக்கு 16 கூறு என்று காட்டும். அது பாத்திக்குள் இருக்கும் வித்தியாசம் மட்டுமே. படித்தவர்களே இதில் வழுக்கி விழுவதுண்டு.

பயிர் வீணில்லை. ஒவ்வொரு இடுபொருளுக்கும், போட்ட நான்கு பாத்தியின் சராசரியிலிருந்து போடாத நான்கின் சராசரியைக் கழியுங்கள். ஏழு விடைகளில் ஐந்தாறு பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்து, ஒன்று மட்டும் எட்டி நின்றால், அதைச் சந்தேகப்படலாம். ஜிப்சமாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. கடலைக் காய் சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக உறிஞ்சும். ஆனால் ஒன்று: இப்படி நெருக்கிய அட்டவணையில் இரண்டு பொருள் சேர்ந்து தரும் பலன் மூன்றாவதன் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்த பட்டத்தில் ஏழையும் விட மனமில்லை என்றால் 12 பாத்தி போடுங்கள். புள்ளியியலாளர்கள் பிளாக்கெட்டும் பர்மனும் 1946-ல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. 11 கூறில் ஏழு போக பிழைக்கு நான்கு மிச்சம். நானாக இருந்தால் முன்னுக்கு வந்த மூன்றை மட்டும் எடுத்து, போட்டது, போடாதது என்று வரும் எட்டுச் சேர்க்கையையும் இருமுறை வைப்பேன். 16 பாத்திக்கு 15 கூறு, சேர்க்கைகளுக்கு ஏழு, வாய்க்கால் பக்கம் எட்டு, கடைமடைப் பக்கம் எட்டு என்று பிரித்ததற்கு ஒன்று, பிழைக்கு ஏழு. பிழைக்கு மிச்சம் ஒரு கூறே என்றால் வித்தியாசம் அதன் பிழையைப் போல 12.7 மடங்கு இருந்தால்தான் 95 சதவீத நம்பிக்கையோடு பேசலாம். நான்கு என்றால் 2.78 மடங்கு, ஏழு என்றால் 2.36. அதற்கு மேல் பாத்தி கூட்டினால் இது பெரிதாக இறங்காது, கூலிதான் ஏறும்.

ஒவ்வொரு எட்டுக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ கணக்கில், 40-45 நாளில் மண் அணைக்கும்போது. மண் அணைப்பது எல்லாப் பாத்திக்கும் உண்டு. இல்லாவிட்டால் அதன் பலனும் ஜிப்சத்தின் பெயரில் சேர்ந்துவிடும். அப்புறம், ஓர வரிசைகளை விட்டுவிட்டு, காய்ந்த காயைப் பாத்திக்கு ஒரே எடையாகப் போடுங்கள்.