சுரினாமுக்குப் போன ஜாவாக் கொள்ளுத்தாத்தா: சொந்த ஊரைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் மனைவி, தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமில் பிறந்த ஜாவா வம்சத்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா மரியன்பர்க் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தார் என்பது மட்டுமே வீட்டில் தெரியும். குடும்பப் பெயரை வைத்துத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ஜாவாவில் எந்த ஊர்க்காரர் என்று அறிய வழி உண்டா? – ஒரு வாசகர், நெதர்லாந்து

பதில்: வழி உண்டு. ஆனால் குடும்பப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். நம்மைப் போலவே ஜாவாக்காரர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. கப்பலேறியவரின் ஒற்றைப் பெயரே சுரினாமில் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிப் போனது. ஆகவே இன்றைய குடும்பப் பெயரை ஓர் ஆளின் சொந்தப் பெயராக எண்ணித் தேடுங்கள்.

எழுத்துக்கூட்டலையும் பழைய டச்சு முறைக்கு மாற்ற வேண்டும். அன்றைய எழுத்தர் 'உ' ஒலியை ஓ, ஈ (oe) என்ற இரண்டு ரோமன் எழுத்துகளால் எழுதினார். 'ய' ஒலிக்கு ஜே (j) போட்டார். 'கர்த்தா' என்பது 'கர்த்தோ' என்றும் பதிவாகியிருக்கும். எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

தேட வேண்டிய இடம், நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் உள்ள சுரினாம் ஜாவாக் குடியேறிகள் பட்டியல். பெயர், வயது, கப்பல், தோட்டம், பிறந்த ஊர் ஆகியவை அதில் உண்டு. இவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்ததற்குக் காரணம் அக்கறை அல்ல. ஐந்தாண்டு ஒப்பந்தக் காலத்தில் வேலையை விட்டுப் போவதே தண்டனைக்குரிய குற்றம். ஓடியவரைப் பிடிக்க அடையாளம் தேவைப்பட்டது.

ஜாவாவிலிருந்து ஆள் எடுத்ததும் அதே மனநிலையில்தான். 1863இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1873 முதல் கல்கத்தா வழியாக இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். பிரிட்டிஷ் தூதரிடம் முறையிட முடிந்தது. டச்சுக் காலனியான ஜாவாவின் உழவர்களுக்காகக் கேட்க வெளியரசு எதுவும் இல்லை. 1890 ஆகஸ்ட் 9 அன்று முதல் 94 பேர் சுரினாமின் தலைநகர் பாராமரிபோவில் இறங்கினார்கள். அவர்களை வரவழைத்தது மரியன்பர்க்கின் உரிமையாளரான நெதர்லாந்து வர்த்தக நிறுவனம். 1939 வரை ஏறத்தாழ 33,000 பேர் வந்தார்கள். முதல் குழு ஆம்ஸ்டர்டாமில் கப்பல் மாறித்தான் போனது. எனவே கிளம்பிய கப்பலின் பெயரும் வந்துசேர்ந்த கப்பலின் பெயரும் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

கொள்ளுப்பாட்டியையும் தனியாகத் தேடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெண்களும் தங்கள் பெயரிலேயே ஒப்பந்தம் செய்தவர்கள். கப்பலிலோ தோட்டத்திலோ சந்தித்து இணைந்த தம்பதிகள் உண்டு என்பதால் அவருடைய ஊர் வேறாக இருக்கலாம்.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஜாவாவுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கரங்அன்யார் என்ற பெயரில் மட்டும் அங்கே பல ஊர்கள் உள்ளன. பதிவில் இருக்கும் மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 'கெடு' என்று இருந்தால், அந்த நிர்வாகப் பிரிவு இன்று இல்லை. மகெலாங், தெமாங்குங், வொனோசோபோ பக்கம் தேடுங்கள்.

கொள்ளுத்தாத்தாவை ஏமாற்றியோ மயக்கியோ கப்பலேற்றினார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அதை எழுதி வையுங்கள். சுரினாம் ஜாவாக் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு உண்டு. சம்மதித்து வந்தார் என்று ஒப்பந்தத் தாள் காட்டலாம். ஆனால் தரகர் கிராமத்தில் என்ன வாக்குக் கொடுத்தார் என்று அந்தத் தாள் சொல்லாது. இந்த ஒன்றில் நான் பெரியவர்களின் பேச்சையே அதிகம் நம்புவேன்.

கொள்ளுத்தாத்தாவின் உறவினர்கள் சுரினாமிலும் இல்லை, ஜாவாவிலும் இல்லை என்றால் மேற்குச் சுமத்ராவின் தோங்கார் கிராமத்தில் விசாரியுங்கள். 1954இல் லாங்கூவாஸ் கப்பலில் இந்தோனேசியா திரும்பிய ஏறக்குறைய 1,000 பேர் அங்கேதான் குடியமர்ந்தார்கள்.