இருவரும் ‘பராபரமே’ என்றால் இருவரும் ஒன்றா?

கேள்வி: தாயுமானவர், குணங்குடி மஸ்தான் சாகிபு இருவருமே பராபரக்கண்ணி பாடியிருக்கிறார்கள். கல்லூரிக் கருத்தரங்கில் இருவரையும் ஒப்பிட்டுப் பேசப் போகிறேன். ‘இருவர் சொன்னதும் ஒன்றே’ என்று முடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கையே. அப்படிச் சொன்னால் இருவருக்குமே குறை வைத்ததாகும்.

தாயுமானவரின் பராபரக்கண்ணியில் 389 கண்ணிகள். கண்ணி என்பது இரண்டே அடி. ஒவ்வொன்றும் ‘பராபரமே’, அதாவது ‘பரம்பொருளே’ என்ற விளியோடு முடியும். அவருக்குப் பின் வந்த சூஃபிக் கவிஞர் (சூஃபி என்றால் இஸ்லாமிய மெய்ஞ்ஞானி) மஸ்தான் சாகிபு (1792–1838) அதே விளியை எடுத்துக்கொண்டார். சித்தர் பத்திரகிரியாரின் ‘எக்காலம்’ என்ற ஏக்கமும் அவரிடம் எக்காலக்கண்ணியாக வருகிறது. இதைக் காப்பி என்று எழுதிவிடாதீர்கள். வெண்பாவைப் போலவே கண்ணியும் தமிழில் பாடுகிற எல்லோருக்கும் சொந்தம்.

ஆளுக்கு 20 கண்ணி எடுத்துக்கொண்டு மூன்றைக் குறியுங்கள்: யாரை அழைக்கிறார், என்ன கேட்கிறார், கேட்டது கிடைத்தால் பாடுகிறவர் என்ன ஆவார். மூன்றாவதில்தான் வழி பிரியும். சைவ சித்தாந்தத்தில் இதற்கு உமாபதி சிவம் காட்டும் உவமை ‘தாடலை’. தாளும் தலையும் புணர்ந்தால் ள், த இரண்டும் மறைந்து ‘ட’ நிற்கும். சொல் ஒன்று, பொருள் இரண்டு. முத்தியில் உயிரும் சிவமும் அப்படி. தாயுமானவர் வேதாந்தத்தையும் இதோடு இணைத்துச் சமரசம் பேசியவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். மஸ்தான் சாகிபு சார்ந்த சூஃபிகளிடம் முதலில் ஃபனா, ‘நான்’ அழிவது. பிறகு பகா, இறைவனைக் கொண்டு நிலைப்பது. அதன் பிறகும் அடியான் அடியானே. தொழுகையும் நோன்பும் அவனை விட்டுப் போவதில்லை.

அடுத்து மனோன்மணிக்கண்ணி. மஸ்தான் சாகிபின் மிகத் துணிச்சலான இடம் அதுதான் என்பேன். ஆண்டாள் பாட்டில் உயிர் பெண், இறைவன் ஆண். நம்மாழ்வாரும் பல பதிகங்களில் பெண்ணாகித்தான் ஏங்குகிறார். இங்கே தலைகீழ்: பாடுகிறவர் ஆண், தேடப்படுபவள் மனோன்மணி. பெயர் சைவத்தில் சக்தியின் பெயர். ஏக்கமோ அரபுக் காதல் கதையில் லைலாவைத் தேடி அலையும் மஜ்னூனின் ஏக்கம், பாரசீக சூஃபிக் கவிதைக்குப் பழக்கமானது.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்: கண்ணிகளை மட்டும் படித்துவிட்டு அவரைச் சித்தர் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பக்தாதில் அடங்கிய சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியைப் போற்றும் முகியித்தீன் சதகத்தையும் அவசியம் படியுங்கள். அதை விட்டால் அவருடைய இஸ்லாம் கண்ணுக்கே தெரியாது.

பத்தே நிமிடம் என்றால் தாடலையையும் மனோன்மணியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கண்ணியை வாய்விட்டுப் பாடிக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.