முதல் நேர்காணலுக்குப் போகிறேன்

கேள்வி: தற்கொலைத் தடுப்பு உதவி மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர அடுத்த வாரம் நேர்காணல். இதுவரை எந்த நேர்காணலுக்கும் போனதில்லை. எப்படித் தயாராவது?
– வாசகி, தாம்பரம்

பதில்: சான்றிதழ் ஃபைலைப் பற்றிக் கவலை வேண்டாம். சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்நேகா போன்ற அமைப்புகளில் தன்னார்வலரின் முதல் வேலை காதுகொடுத்துக் கேட்பதுதான். வீட்டில் யாராவது மனக்குறை சொன்னால், ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

என் நேர்காணலில், "தோழி அழுதுகொண்டே போன் செய்தால் என்ன சொல்வீர்கள்?" என்றார்கள். "எல்லாம் சரியாகிவிடும் என்பேன்" என்றேன். எதிரில் இருந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "முதலில் அவர் அழுது முடிக்கட்டுமே" என்றார். இன்றும் போனை எடுக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது.

அப்புறம், வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும் என்பதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நெருங்கியவரை அண்மையில் இழந்திருந்தால் மறைக்காதீர்கள். சில மாதம் கழித்து வரச் சொல்லலாம். அது உங்கள்மீதுள்ள அக்கறைதான்.