ஸ்டேட்டஸ் போட்டால் சஸ்பெண்டா?

பல்கலைக்கழக வளாகத்தில் எதைப் பேசலாம், எதற்கு நடவடிக்கை வரும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். அரசுப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து எழுதியவை இவை. தனியார் கல்லூரிகளின் கதை வேறு.

சார், நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. விடுதி மெஸ் சாம்பாரில் புழு கிடந்ததைப் படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். 'பல்கலைக்கழகத்தின் பேரைக் கெடுத்துவிட்டாய், மன்னிப்புக் கடிதம் கொடு' என்கிறார் துறைத் தலைவர். கொடுத்துவிடலாமா?

அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடிதம் கோப்பில் ஏறிவிட்டால் நாளைக்கு அதுதான் ஒப்புதல் வாக்குமூலம். அடுத்த முறை ஏதாவது பிரச்சினை என்றால், 'ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டவர்தானே' என்று முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். மன்னிப்புக்குப் பதில் விளக்கம் கொடுங்கள். எந்தத் தேதி, எந்த வேளைச் சாப்பாடு, என்ன கிடந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகம் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி 'அரசு' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். எனவே பேச்சுரிமை தரும் 19(1)(அ) அதையும் கட்டுப்படுத்தும். அந்த உரிமைக்கு எந்தெந்தக் காரணங்களுக்காக வரம்பு போடலாம் என்று 19(2) பட்டியலே தருகிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அதில் 'நிறுவனத்தின் நற்பெயர்' இல்லை. அவதூறு இருக்கிறது. ஆனால் கிடந்த புழுவைப் படம் எடுத்தது அவதூறு ஆகாது. 'வார்டனுக்குக் கமிஷன் போகிறது' என்று கையில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி சேர்த்திருந்தால் அதை மட்டும் இன்றே நீக்கிவிடுங்கள். வம்பு அந்த வரியில்தான் வரும்.

இணையத்தில் 'எரிச்சலூட்டும்', 'அசௌகரியம் தரும்' பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. அதே சொற்களை நடத்தை விதிப் புத்தகங்களில் இன்னும் பார்க்கிறேன். யாரும் எடுத்துப் படிக்காததால் பிழைத்துக் கிடக்கின்றன.

சேரும்போது 'எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள். அது செல்லுமா?

அடிப்படை உரிமையை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துத் துறக்க முடியாது என்று பஷேஷர் நாத் வழக்கில் 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கு (1985) உங்களுக்கு இன்னும் பொருந்தும். நடைபாதையில் குடிசை போடும் அடிப்படை உரிமையைக் கோரவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும், அதைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் மைக் கட்டலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. வளாகத்தில் அரசியல் நடவடிக்கைக்குக் கல்லூரி போட்ட தடையை கேரள உயர் நீதிமன்றம் 2003-இல் சோஜன் பிரான்சிஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.) 2023-இல் கொண்டுவந்த விதித் தொகுப்பு, கல்விக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராடினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வாசலில் கோஷம் போடாதே என்பது எனக்கும் நியாயமாகவே படுகிறது. பட்டம் வாங்கும் வரை வாயே திறக்காதே என்பதை அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஊர்வலத்துக்குப் போனதற்காக என் நண்பரை ஒரு பருவம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணையே இல்லை. கருத்துரிமை என்று வழக்குப் போட்டால் ஜெயிக்குமா?

ஜெயிக்கலாம், ஆனால் கருத்துரிமையை முதல் வாதமாக வைக்க வேண்டாம். இந்த வகை வழக்குகளில் மாணவர்கள் பெரும்பாலும் ஜெயிப்பது நடைமுறைக் கோளாறில்தான். பிபிசி ஆவணப்படத்தைத் திரையிட்ட விவகாரத்தில் டெல்லி பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு மாணவருக்கு ஓராண்டுத் தடை போட்டது. 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. படத்தைத் திரையிடலாமா கூடாதா என்பதற்குள் அது போகவில்லை. இயற்கை நீதி, அதாவது தண்டிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்கும் முறை பின்பற்றப்படவில்லை, உத்தரவில் சிந்தித்து முடிவெடுத்ததற்கான தடயமே இல்லை என்ற காரணமே போதுமானதாக இருந்தது. 2016-இல் ஜே.என்.யூ. வளாகத்தில் நடந்த சர்ச்சைக்குரிய கூட்ட விவகாரத்தில் மாணவர்களுக்குத் தரப்பட்ட தண்டனைகளும் 2017-இல் இதே வழியில்தான் விழுந்தன.

எதிர்த் திசையிலும் ஒரு வழக்கு இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2024 ஏப்ரலில் ஒரு தலித் ஆய்வு மாணவரை இரண்டு ஆண்டு சஸ்பெண்ட் செய்தது. டெல்லி ஊர்வலத்தில் கலந்துகொண்டதும், ஒரு ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லிப் பதிவு போட்டதும் காரணங்களில் அடக்கம். 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் பெயர் ஒட்டிய பேனரின் கீழ் நடந்ததால், அது நிறுவனத்தின் கருத்து போலத் தோன்றியது என்பது ஒரு காரணம். முதல் பதிலில் நற்பெயர் பட்டியலில் இல்லை என்றேன். நீதிமன்றம் அந்த வாதத்துக்கும் சில நேரம் காது கொடுக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுபவித்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்து, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இழந்த ஓராண்டை யாரும் திருப்பித் தரவில்லை.

ஆகவே உங்கள் நண்பர் முதலில் உத்தரவின் நகலை எழுத்தில் கேட்கட்டும். எந்த விதியின் கீழ் நடவடிக்கை? அந்த விதிப்படி தண்டிக்கும் அதிகாரம் துணைவேந்தருக்கா, சிண்டிகேட் எனும் ஆட்சிக் குழுவுக்கா? குற்றச்சாட்டு நோட்டீஸ் வந்ததா, பதில் சொல்ல அவகாசம் தந்தார்களா? இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வக்கீலுக்கு வேலை பாதி குறைந்துவிடும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எப்போதும் கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். 1973-இல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில், பெண்கள் விடுதிக்குள் இரவில் நுழைந்த மாணவர்களுக்கு அதை மறுத்தது சரியே என்றது உச்ச நீதிமன்றம். பெண்களின் பாதுகாப்பு அங்கே முக்கியமாக இருந்தது.

பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்புச் சட்டை போடக் கூடாது என்று சுற்றறிக்கை விட முடியுமா?

விட்டுப் பார்த்தார்கள். 2023 ஜூனில் ஆளுநர் வருகையை ஒட்டி சேலம் பெரியார் பல்கலைக்கழகம் அப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. காவல்துறை அறிவுரை என்று காரணம் சொன்னார்கள். சேலம் காவல்துறையோ நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றது. சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. பெரியார் பெயரை வைத்துக்கொண்டு கறுப்புச் சட்டைக்குத் தடை போடத் தனித் துணிச்சல் வேண்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் என் சாதியைச் சொல்லிக் கேலி செய்கிறான். கேட்டால் 'ஃப்ரீ ஸ்பீச்' என்கிறான்.

இல்லை. நிர்வாகத்தை, அரசை, ஒரு கொள்கையை விமர்சிப்பதற்குத்தான் அந்தக் கேடயம். சக மாணவனை இழிவுபடுத்துவது ராகிங். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. தேதி, எண் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், குழுவை விட்டு வெளியேறும் முன் எடுங்கள். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. கூடவே பல்கலைக்கழக மாணவர் குறைதீர்ப்புக் குழுவிலும் எழுத்தில் கொடுங்கள். யூ.ஜி.சி. 2023 விதிகளின்படி அது 15 வேலை நாள்களில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நான் கௌரவ விரிவுரையாளர். புதிய கல்விக் கொள்கையை விமர்சித்து ஒரு பத்திரிகையில் எழுத ஆசை. வேலைக்கு ஆபத்தா?

சட்டத்தை மட்டும் பார்த்தால் பெரிய ஆபத்து இல்லை. அரசு ஊழியர்கள் ஆர்ப்பாட்டம் செய்யவே கூடாது என்ற பீகார் விதியை 1962-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஓய்வு பெறச் சில நாள்களே இருந்த ஒரு ஊழியரை, அரசியல் கூட்டத்துக்குப் போனதற்கும் முகநூல் பதிவுக்கும் சஸ்பெண்ட் செய்து தொடர்ந்த துறை நடவடிக்கையை 2020-இல் திரிபுரா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அவர் நிரந்தர ஊழியர். உங்களை யாரும் சஸ்பெண்ட் செய்யத் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டுக்குப் பணி ஆணை வராது, ஏன் வரவில்லை என்று எழுத்திலும் தர மாட்டார்கள். அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். எழுதாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கொள்கையைப் பற்றி எழுதுங்கள், உங்கள் துணைவேந்தரைப் பற்றி வேண்டாம். கட்டுரையின் கீழ் துறை, பல்கலைக்கழகம் எதையும் போடாமல் பெயரும் ஊரும் மட்டும் போடச் சொல்லுங்கள்.