சப்ஸ்ட்ராட்டம் பாறைன்னு போட்டிருந்தா தண்ணி கிடையாதா?

அண்ணாச்சி, நாங்குநேரி தோட்டத்துக்கு எடுத்த நீரோட்ட ரிப்போர்ட்டுல 'சப்ஸ்ட்ராட்டம்: சார்னோகைட்'னு பார்த்ததும் போர் போடுற யோசனையையே விட்டுரலாமான்னு கேட்டிருக்கீங்க. விட்டுராதீங்க. மேல்மண்ணுக்கு அடியில என்ன கிடக்குங்கிறதைத்தான் சப்ஸ்ட்ராட்டம்ங்கிற வார்த்தை சொல்லுது, தண்ணி இருக்கா இல்லையாங்கிறதை இல்லை.

சார்னோகைட்டும் நைஸும் நம்ம சீமையில பரவலா உள்ள கடும்பாறைதான். முழுப்பாறைக்குள்ள தண்ணி நிக்காது. மேலே சிதைஞ்ச பாறையிலயும் கீழே உள்ள வெடிப்புலயும்தான் நிக்கும். அதனால ரிப்போர்ட்டுல 'வெதர்டு சோன்' (சிதைஞ்ச பாறை) எத்தனை மீட்டர், 'ஃப்ராக்சர்' (வெடிப்பு) எந்த ஆழத்துலன்னு தேடுங்க. அது இல்லைன்னா சர்வே பண்ணவர்கிட்ட ரெசிஸ்டிவிட்டி அளவை (அடியில உள்ள மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்குதுங்கிற கணக்கு) கேட்டு வாங்குங்க. அது உங்க உரிமை.

திசையன்விளைப் பக்கம் ஆயன்குளத்துக் கிணறு 2021 மழைவெள்ளத்தை நாள்கணக்கா உள்வாங்கின கதையை யாராவது சொல்லி ஆசை காட்டுவாங்க. அங்கே அடியில சுண்ணாம்புக்கல், அதுல நீர் அரிச்ச பொந்துகள். உங்க தோட்டத்துக் கணக்கே வேற. ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி வெதர்டு சோன், ஃப்ராக்சர் ரெண்டு அளவையும் இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.