ஒரே ஒரு பொருளின் படத்தைப் பார்த்துப் பழைய வீடியோ கேமின் பெயரைச் சிலர் சொல்லிவிடுகிறார்களே, அது எப்படி?

காளான், செங்கல், மஞ்சள் வட்டம் என்று எதையாவது துண்டாகக் காட்டினாலும் சிலர் உடனே விளையாட்டின் பெயரைச் சொல்கிறார்கள். இது ஞாபக சக்தியா, பயிற்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இதில் பங்கு கொஞ்சம்தான். அந்தப் பொருள் விளையாட்டில் என்ன வேலை செய்தது என்பது கைக்குத் தெரிந்திருந்தால், கண் தானாகக் கண்டுபிடித்துவிடும். வேலை தெரியாமல் படத்தை மட்டும் மனப்பாடம் செய்து வருகிறவர்கள் வினாடி வினாவின் இரண்டாம் சுற்றிலேயே திணறுவார்கள்.

கோயில் தூண் சிற்பங்களை நாம் பார்ப்பதும் இப்படித்தான். முகம் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தாலும் கையில் வேல் இருந்தால் முருகன், சங்கும் சக்கரமும் இருந்தால் திருமால். பழைய வீடியோ கேம்களிலோ தேய்வதற்கு முகமே கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்குக் காரணம் இயந்திரம். நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீட்டு வீடியோ கேம் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் எல்லாமே எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னச் சதுரங்களால் கட்டியவை. நகரும் உருவத்தின் ஒரு சதுரத்துக்குள் மூன்று நிறத்துக்கு மேல் வைக்க முடியாது. இதற்குள் கண்ணையும் மூக்கையும் வாயையும் எங்கே வரைவது? அதற்கும் முன்பு, 1981இல் 'டாங்கி காங்' என்ற ஆர்கேட் விளையாட்டுக்காக (கடைகளில் காசு போட்டு ஆடும் வகை) நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ ஒரு ஆளை வரைந்தார். வாய் வரைய இடமில்லாததால் மீசை வைத்தார். முடி வரைகிற தொல்லை வேண்டாம் என்று தொப்பி போட்டார். ஓடும்போது கை அசைவது தெரிய வேண்டுமே என்று சட்டைக்கு ஒரு நிறம், ஓவராலுக்கு ஒரு நிறம் கொடுத்தார். பிற்பாடு மாரியோ என்று பெயர் பெற்ற அந்த ஆளின் தொப்பியையும் மீசையையும் மட்டும் காட்டினாலே இன்று போதும். இடநெருக்கடிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுதான் அவனுடைய அடையாளமாக நின்றுவிட்டது.

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். அதில் வானத்தில் மிதக்கும் வெள்ளை மேகத்தையும் தரையில் நிற்கும் பச்சைப் புதரையும் உற்றுப் பாருங்கள். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டுக்கும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. சிறுவயதில் நாள்கணக்கில் ஆடியும் இதை நான் கவனித்ததில்லை, ஆடியவர்களில் பெரும்பாலோரும் கவனித்திருக்க மாட்டார்கள். மேகம் மேலே இருக்கிறது, புதர் கீழே இருக்கிறது, இரண்டுமே மாரியோவை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் கேள்விக்குறி போட்ட கட்டியை யாரும் தாண்டிப் போனதில்லை. முட்டினால் காசு வரும், அல்லது காளான் வரும். வினாடி வினாவில் அந்த மேகத்தைத் தனியாகக் காட்டினால் பாதிப் பேர் விழிப்பார்கள். கேள்விக்குறிக் கட்டியைக் காட்டினால் யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். நான் மேலே சொன்ன வேலைக் கணக்கு இதுதான்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் திறமை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். வீட்டில் அதற்கு 'டிவி கேம்' என்றுதான் பெயர். கூடவே ஒரு கேசட் தருவார்கள். அதன் மேல் 'லட்சம் கேம்கள்' என்கிற கணக்கில் ஏதோ ஓர் எண் அச்சாகியிருக்கும். உள்ளே இருப்பது சில டஜன், மீதியெல்லாம் அதே விளையாட்டு வேறு கட்டத்திலிருந்து தொடங்குவது. மேலே ஒட்டியிருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் விளையாட்டுக்கும் ஒட்டு உறவு இருக்காது. பட்டியலில் வரும் பெயர்களும் குறையாகவோ பிழையாகவோ இருக்கும். கையேடு என்ற ஒன்றைக் கண்ணாலும் பார்த்ததில்லை. ஆகவே விளையாட்டுகளை நாங்கள் அழைத்ததே அதில் வரும் பொருளை வைத்துத்தான்: டேங்க் கேம், வாத்துச் சுடுகிற கேம், சிங்கத்து மேல் போகிற கேம். அசல் பெயர்கள் பின்னாளில் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டவை.

அந்த டேங்க் கேமின் அசல் பெயர் 'பேட்டில் சிட்டி'. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஃபேமிகாமுக்காக ஜப்பானுக்கு வெளியே அது முறைப்படி விற்கப்படவில்லை. அப்படியிருந்தும் நகல் கேசட்டுகளின் புண்ணியத்தில் நம் தெருக்களில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது. படத்தை வைத்துக் கண்டுபிடிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரையின் அடியில், நடுவில், ஒரு கழுகுச் சின்னம். அதைச் சுற்றி மெல்லிய செங்கல் சுவர். முதல் ஆட்டக்காரருக்கு மஞ்சள் டேங்க், இரண்டாமவருக்குப் பச்சை. ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரி டேங்குகள் மேலேயிருந்து இறங்கி வரும். எத்தனை லைஃப் மிச்சம் இருந்தாலும் கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. அந்தக் குண்டு உங்களுடையதாக இருந்தாலும் சரி! அண்ணன் தம்பிச் சண்டைகளில் கணிசமானவை இந்த விதியால் வந்தவை. போதாததற்கு, கூட்டாளியின் குண்டு உங்கள் மேல் பட்டால் சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். வேண்டுமென்றே சுட்டுவிட்டு, தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லாத தம்பி யார்?

மினுமினுக்கும் டேங்கைச் சுட்டால் திரையில் எங்காவது ஒரு சின்னச் சதுரப் படம் தோன்றும். மொத்தம் ஆறு வகை. கடிகாரம் எடுத்தால் எதிரிகள் எல்லாம் அப்படியே உறைந்து நிற்பார்கள். கையெறி குண்டு, திரையில் இருக்கும் எதிரிகளை ஒரேயடியாக ஒழித்துவிடும். நட்சத்திரம் உங்கள் துப்பாக்கியின் வலுவைக் கூட்டும். மூன்று சேர்ந்தால் இரும்புச் சுவரும் உடையும். ஹெல்மெட் கொஞ்ச நேரம் காப்பாற்றும். குட்டி டேங்க் படம் என்றால் ஒரு லைஃப் கூடுதல். கடைசியாக மண்வெட்டி. அதை எடுத்தால் கழுகைச் சுற்றியுள்ள செங்கல் சிறிது நேரத்துக்கு இரும்பாக மாறும். ஏற்கெனவே உடைந்த பகுதியும் அடைபட்டுவிடும். நேரம் முடிவதற்கு முன் சுவர் செங்கல், இரும்பு, செங்கல், இரும்பு என்று துடிக்கும் பாருங்கள், அப்போது போர்முனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடாதவர் இல்லை. தனியாகப் பார்த்தால் அந்த மண்வெட்டிப் படம் என்னவென்றே சொல்ல முடியாத ஒரு கிறுக்கல். ஆனால் ஆடியவர்களிடம் காட்டினால் 'டேங்க் கேம்' என்று சொல்லிவிட்டு, சுவர் கதையையும் சேர்த்தே சொல்வார்கள்.

கொனாமியின் 'காண்ட்ரா'வில் (1987) இந்தத் தந்திரம் இன்னும் சிக்கனமானது. சிறகு விரித்த பருந்தின் நடுவே ஓர் ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். எம் என்றால் தொடர்ந்து சுடும் துப்பாக்கி, எல் என்றால் லேசர், எஸ் என்றால் ஐந்து குண்டுகள் விசிறியாகப் பிரிந்து போகும். கையில் எஸ் இருக்கும்போது தவறிப்போய் அதைவிட வலுக் குறைந்த எஃப்பின் மேல் குதித்துவிட்டவனிடம் அடுத்த பத்து நிமிடம் யாரும் பேச முடியாது. ஹட்சன் நிறுவனத்தின் 'அட்வென்ச்சர் ஐலண்ட்' (1986) இன்னொரு வேடிக்கை. பழங்களைத் தின்றால் உயிர்க்கோடு ஏறும். ஆனால் அதில் வரும் கத்தரிக்காய், ஒட்டிக்கொண்டால் உயிரை உறிஞ்சிவிடும். காய்கறி சாப்பிட மறுக்கும் பிள்ளைகளின் பக்கம் நின்ற ஒரே விளையாட்டு அது என்று நினைக்கிறேன். கத்தரிக்காயைக் காட்டி இந்தப் பெயரைச் சொல்கிறவர் உண்மையாகவே ஆடியவர்; சந்தேகமே வேண்டாம்.

பழம் என்றதும் 'பேக்மேன்' நினைவுக்கு வரும். நாம்கோவில் தோரு இவாடானி உருவாக்கி 1980இல் வந்தது. மஞ்சள் வட்டத்தை எல்லோருக்கும் தெரியும், அதனால் வினாடி வினா நடத்துகிறவர்கள் செர்ரியையோ சாவியையோ காட்டுவார்கள். செர்ரி முதல் கட்டத்தில் வரும், 100 புள்ளி. பிறகு ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய் சாவியில் 5000 புள்ளியில் நிற்கும். செர்ரியை எல்லோரும் பார்த்திருப்பார்கள், சாவியைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டுமே பார்த்திருப்பார்கள். நான்கு பேய்களும் பார்வைக்கு ஒன்றேதான், நிறம் மட்டும் வேறு. குணமோ முற்றிலும் வேறு. சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு உங்களுக்கு நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு துரத்திக்கொண்டு வந்து, அருகில் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். அதை 'பயந்தாங்கொள்ளி' என்று சொல்லலாம்.

குழப்பக்கூடிய பொருள்களும் உண்டு. இதயப் படம் மட்டும் காட்டினால் அவசரப்படாதீர்கள். 1986இல் வந்த 'லெஜண்ட் ஆஃப் செல்டா'வில் இதயம் என்றால் உயிர். அதே ஆண்டு வந்த 'காசில்வேனியா'வில் இதயத்தை எவ்வளவு சேர்த்தாலும் உடம்பு தேறாது. அது கத்தி, கோடரி போன்றவற்றை வீசுவதற்கான இருப்பு. உயிர் வேண்டுமென்றால் சுவரை உடைத்து அதற்குள் இருக்கும் இறைச்சியைத் தின்ன வேண்டும். (கோட்டைச் சுவருக்குள் இறைச்சியை வைத்துப் பூசியது யார் என்று கேட்கக் கூடாது.) நட்சத்திரமும் அப்படித்தான். இரண்டு கண்கள் இருந்தால் மாரியோ, சதுரச் சட்டத்துக்குள் கண்ணில்லாமல் இருந்தால் டேங்க் கேம்.

பொருளே இல்லாத விளையாட்டுகளும் உண்டு. 'டெட்ரிஸ்' 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவரிடமிருந்த எலெக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையும் வசதி கிடையாது, எழுத்துக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். அதனால் நிறத்தைப் பார்த்து டெட்ரிஸைக் கண்டுபிடிக்காதீர்கள், பழைய பதிப்புகளில் அது ஒன்றுக்கொன்று மாறும். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள், அவைதான் மாறாதவை. டாஸ் கணினிகளில் ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில் (1989) அடையாளம் அசைவில் இருக்கிறது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அதன் மேல் வரைந்தார். விளிம்பைப் பற்றித் தொங்கும் அந்த வெள்ளை உடை ஆள் யார் என்று கேட்டால், பழைய கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

வாத்துச் சுடுகிற கேமையும் சொல்லிவிடுகிறேன், பெயர் 'டக் ஹண்ட்' (1984). வாத்து தப்பித்தால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். அதைச் சுட முயலாதவர் உண்டா? குண்டு அதன் மேல் படவே படாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும்; துப்பாக்கிக் குழாயில் இருக்கும் உணர்வி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். நாய்க்கு வெள்ளைச் சதுரம் கிடையாது. பழைய குழாய் டிவியை நம்பிச் செய்த ஏற்பாடு என்பதால், இன்றைய தட்டைத் திரைகளில் அந்தத் துப்பாக்கி பயன்படாது.

புதிய விளையாட்டுகளில் இது கடினம். துப்பாக்கி நிஜத் துப்பாக்கி மாதிரியே இருந்தால் எந்த விளையாட்டின் துப்பாக்கி என்று எப்படிச் சொல்வது? விதிவிலக்குகள் வேலையால்தான் வருகின்றன. 1998இல் வந்த 'ஹாஃப் லைஃப்'பில் கிடைக்கும் கடப்பாரை சாதாரணக் கடப்பாரைதான், ஆனால் முதலில் கையில் கிடைக்கும் ஆயுதம் அது, பெட்டி உடைப்பதும் அதை வைத்துத்தான். இன்னொன்று 'மைன்கிராஃப்ட்'டில் வரும் க்ரீப்பர் என்ற எதிரி. பன்றி உருவத்தைச் செய்யும்போது நீளமும் உயரமும் இடம் மாறிப்போய்ப் பிறந்தது. சில கறுப்புச் சதுரங்களால் ஆன அதன் முகம், அருகில் வந்து வெடிக்கும் என்பது தெரிந்த பிள்ளைகளைத் துள்ள வைக்கிறது.

நீங்கள் ஏதாவது போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்றால் படத் தொகுப்புகளைப் புரட்ட வேண்டாம். இங்கே சொன்ன ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு கட்டங்களையாவது ஆடுங்கள், கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆடினால் இன்னும் நல்லது. ஆட நேரமில்லையென்றால் யாராவது ஆடும் காணொளியைப் பாருங்கள், ஒலியைக் குறைக்காமல். மாரியோ காசு எடுக்கும் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும். ஓசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; தனியாகக் கேட்டால் அதற்கும் எழுதுகிறேன்.